ஊதாப் பெட்டியும் தையற்காரர் சந்தியாகுவும்

1935 டிசம்பர் 24 — ரூ. 40.00
1936 ஜனவரி 12 — ரூ. 85.00
1936 பெப்ரவரி 2 — ரூ. 25.00
1936 பெப்ரவரி 20 — ரூ. 31.50
1936 மார்ச் 6 — ரூ. 36.00

மேலே உள்ளவை ஒரே மனிதர் எங்கள் சிற்றாலயத்துக்குக் கொடுத்தவை. முதலாவது சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க. இரண்டாவது ஆர்மோனியப் பெட்டி வாங்க. மூன்றாவது மெழுகுதிரி. நான்காவது ஊதாத் துணி. ஐந்தாவது மூன்று ஆடுகள். அதற்கு முன்பு அவர் பெயரில் ஒரு சதமும் கணக்கில் இல்லை. அதற்குப் பின்பு, நான் புத்தகத்தை ஒப்படைத்த நாள்வரை, இல்லை. கோவில் கணக்கை எழுதி வந்தவன் நான் ஆகையால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

அவர் கண்டிப் பக்கம் வத்தேகமைக்குக் கீழே ஒரு தோட்டத்துக்குச் சொந்தக்காரர், எங்கள் கத்தோலிக்க வேதக்காரர், 1936ஆம் ஆண்டு இலங்கை அரசாங்க சபைத் தேர்தலில் நின்றவர். பெயர் வேண்டாம். அந்தத் தேர்தலில் யாரும் பெயரைப் பார்க்கவும் இல்லை. வாக்குச்சாவடியில் திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு நிறப் பெட்டி வைத்திருப்பார்கள். கையில் தரும் சீட்டை வேண்டிய நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியது. அவருக்குக் கிடைத்தது ஊதா. அவரை எதிர்த்து நின்றவர் ஒரு பௌத்த வக்கீல், புரக்டர் என்போம்; அவருக்குப் பச்சை. ஊரில் எல்லாரும் ஊதாக்காரர், பச்சைக்காரர் என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எழுத வந்தது இவர்களைப் பற்றி அல்ல. மஹய்யாவையில் எங்கள் கோவிலுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த தையற்காரர் சந்தியாகுவைப் பற்றி. அவருக்கு அந்த வருடம் நெஞ்சு முழுவதும் கெட்டுப்போயிருந்தது. பிழைக்க மாட்டார் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டவை இரண்டே. மனச்சாட்சிப்படி தன் வாக்கைப் போட வேண்டும். செத்தால் கோவில் மணி அடித்து எடுத்துப்போக வேண்டும். ஒரு கத்தோலிக்கனுக்கு இதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடும்படி வரும் என்று நான் நினைத்ததில்லை.

சந்தியாகு 1886இல் வத்தேகமைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயமொன்றில் பிறந்தவர். தகப்பன் திருச்சிராப்பள்ளிப் பக்கமிருந்து வந்தவர். சந்தியாகு சிறு வயதிலேயே கண்டிக்கு வந்து, திருகோணமலை வீதியில் வெள்ளைக்காரர்களுக்குக் கோட்டுத் தைத்த ஒரு கடையில் தொழில் படித்தார். 1909இல் சொந்தமாக மெஷின் வாங்கி மஹய்யாவையில் உட்கார்ந்தார். டொரதியைக் கட்டியது 1911இல். பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை.

நல்ல தையல். ஆனால் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. காரணம் அவருடைய வாய். அவருக்குப் பொய் சொல்ல வராது. கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால் போதும்.

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. உங்க வயிறுதான் ஒத்து வரல" என்பார்.

"இவரு வாயத் தைக்கிறதுக்குத்தான் ஊசி இல்ல" என்று உள்ளேயிருந்து டொரதி சொல்வாள். வந்தவர் சிரித்துவிட்டுப் போவார். அடுத்த கோட்டை வேறு கடையில் தைப்பார்.

கோவில் வேலைக்கு அவர் கூலி வாங்கியதில்லை. பீடத் துணி, பூசை உடுப்புக்கு உள்துணி, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் மாதா, புனிதர் சுரூபங்களை மூடும் ஊதா உறை எல்லாம் அவர் கை. மிஞ்சும் வெட்டுத்துண்டுகளைக்கூடக் கட்டித் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் தருவார். "இதை வைத்து என்ன செய்ய?" என்று கேட்டால், "அது உங்க பாடு கிளாக்கர் ஐயா, கோவில் துணி என் வீட்டுல கிடக்கக் கூடாது" என்பார். ரயில்வேயில் நான் பார்த்த வேலையை வைத்துக் கிளாக்கர் ஐயா என்பதே மஹய்யாவையில் எனக்குப் பெயர்.

1931இல் எல்லாருக்கும் முதன்முதலாக வாக்குக் கிடைத்தபோது இதே தோட்டக்காரர் நின்று தோற்றார். சந்தியாகு அவருக்குத்தான் போட்டார். "நம்ம வேதக்காரர், அவருக்குப் போடாம யாருக்குப் போடுறது?" என்று என்னிடம் சொன்னார். நானும் அப்படி நினைத்துத்தான் போட்டேன்.

பிறகு மலேரியாக் காய்ச்சல் வந்தது. சந்தியாகுவின் தங்கை வீரம்மா அந்த மனிதருடைய தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். 1935 ஜனவரியில் அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். சந்தியாகு பங்களாவுக்குப் போய், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் காரைத் தரும்படி கேட்டார். முற்றத்தில் நின்ற காரை அவர் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்.

"அதுக்குப் புது மெத்தை போட்டிருக்கு. காய்ச்சல்காரியை ஏத்த ஏலாது" என்பது பதில். ஒரு தகரச் சின்னம் வைத்த செபமாலையைக் கொடுத்து அனுப்பினார்களாம். வீரம்மாவை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கண்டி வந்து சேரவில்லை.

அந்த வாரம் முழுவதும் வத்தேகமைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் பச்சைக்காரப் புரக்டர் கஞ்சி ஊற்றினார், கொயினா மருந்து கொடுத்தார். வாந்தி எடுத்த ஒருவனுக்கு அவர் தன் கையால் சட்டி பிடித்ததைச் சந்தியாகு பார்த்தார். தேர்தலை நினைத்துக்கொண்டுதான் பிடித்தாரோ என்னவோ. எனக்கு அவர்மேலும் பெரிய மதிப்பு இல்லை. காரணம் பின்னால் வரும். ஆனால் சட்டியைப் பிடித்தது உண்மை.

எங்கள் கோவிலில் பூசை வைக்கும் சுவாமி நிரந்தரமாக இருப்பதில்லை. அவர் இத்தாலியர். தோட்டங்களைச் சுற்றிவிட்டு மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற நாட்களில் கோவில் உபதேசியார் பஸ்தியாம்பிள்ளையின் கையில். யாழ்ப்பாணத்தார். செபம் சொல்லும்போது குரல் கணீரென்று இருக்கும். 1935 கிறிஸ்மஸிலிருந்து தோட்டக்காரர் கோவிலுக்கு வரத் தொடங்கினார்; உபதேசியார் அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்.

பெப்ரவரியில் ஊதாத் துணி வந்தது. மர்சூக் நானாவின் கடையிலிருந்துதான் வாங்கினார்கள். அவரே கொண்டுவந்து இறக்கினார்.

"என்னா கிளாக்கர், கோவிலுக்கே சட்டை தெக்கப் போறீங்களா? என்ட கடைல ஊதா ஒரு முழம் மிச்சமில்ல" என்றார்.

பழைய உறைகள் கிழிந்துவிட்டன, புதிது தைக்க வேண்டும் என்று உபதேசியார் சொன்னார். சந்தியாகு இருமிக்கொண்டே தைத்தார். பாதியில் மெஷினை மிதிக்க முடியாமல் போய், மிச்சத்தை டொரதி மிதிக்க அவர் துணியைப் பிடித்தார்.

அந்த வருடம் தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதன் பெப்ரவரி 26. வாக்களிப்பு மார்ச் 7, சனிக்கிழமை. சுரூபங்களை மூடுவது ஈஸ்டருக்கு இரண்டு கிழமை முன்பு வரும் பாடுகளின் ஞாயிற்றுக்கு முந்திய நாள். அதாவது மார்ச் 28. எந்தக் கோவிலிலும் அதுதான் ஒழுங்கு. மார்ச் 1, ஞாயிறு காலையில் நான் போனபோது எங்கள் கோவிலில் மாதாவும், சூசையப்பரும், அந்தோனியாரும் அடி முதல் முடி வரை ஊதாவில் இருந்தார்கள். பீடத்தில் ஊதா. வாசல் நிலையில் ஊதா. பாட்டுக்காரரின் ஆர்மோனியப் பெட்டிமேலும் ஊதா. சுவாமி மறு கிழமைதான் வருவார்.

சனங்கள் வந்து வாசலிலேயே நின்றார்கள். ஒரு கிழவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே ஊதாக்குள்ள போயிட்டா. நாம வேற எங்க போறது?" என்றாள்.

உபதேசியார் சிரித்தார். "விளங்கினவைக்கு விளங்கும்" என்றார்.

நான் அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "பாடுகளின் ஞாயிற்றுக்கு இன்னும் நான்கு கிழமை இருக்கிறதே?"

"நீர் கணக்கைப் பாரும், கோவிலை நான் பாக்கிறன். புதுத் துணி, தூசி படாமல் மூடி வைச்சால் என்ன குறை?"

"சுவாமிக்குத் தெரியுமா?"

"தெரிய வேண்டிய நேரம் தெரியும்."

இதைச் செய்தவர் உண்மையில் துணியை மட்டும் நம்பவில்லை. சனங்களின் பயத்தை நம்பினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், திரைக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது, எந்த நிறத்தைப் பார்த்து அவளுக்குக் கை போகும் என்று நன்றாகத் தெரிந்து செய்த வேலை. தேவமாதாவைத் தேர்தல் கொடிக்கம்பம் ஆக்கியதை இதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அன்று பூசைப் புத்தகத்தைத் திறக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

சந்தியாகுவால் கோவிலுக்கு வர முடியவில்லை. டொரதி வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறாள். நான் போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"என் கையாலதானே தெச்சேன் கிளாக்கர் ஐயா. மாதா கண்ணையே கட்டி விட்டுட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதே" என்றேன்.

"எனக்குத் தெரியாதுன்னு துணியப் பாக்கிறவங்களுக்கு யாரு சொல்லப் போறா." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "போன தடவ வேதத்தப் பாத்துப் போட்டேன். தீர்வை நாளுல ஆண்டவர் என்னா கேப்பாரு? நோயாளியப் பாத்தியா, பசிச்சவனுக்குக் குடுத்தியான்னு கேப்பாரு. நீ எந்தக் கோவில்னு கேக்கறதா எந்தச் சுவாமியும் பிரசங்கம் வைக்கலியே. அந்த மனுஷன் என் தங்கச்சிக்குக் கதவச் சாத்தினாரு. மத்தவரு வேதக்காரர் இல்ல, ஆனா சட்டி புடிச்சாரு. நான் வேதத்தப் பாத்துத்தான் இப்பவும் போடுறேன்."

மறுநாள் திங்கட்கிழமை உபதேசியார் அங்கே வந்தார். நான் இருக்கும்போதே வந்தார். கட்டிலுக்குக் கிட்டப் போகவில்லை. கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

"சந்தியாகு, சனிக்கிழமை தோட்டத்து ஐயாவின்ரை கார் வரும். உம்மை ஏத்திக்கொண்டு போய்ப் போட வைச்சுக் கொண்டுவந்து விடும்."

"எந்தக் காரு? புது மெத்த போட்ட காரா?"

"உந்தப் பழங்கதையை விடும். ஊதாவுக்குப் போடும். நல்ல மரணத்துக்கு ஆயத்தம் பண்ணுற நேரம் இது. கோவிலுக்குப் போடாதவனுக்குக் கோவில் மணி ஏன்?"

டொரதி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஏன் உபதேசியாரே, மணியும் இப்ப ஊதாவா?"

"நீ பேசாதை பிள்ளை."

"நான் பேசல. இவருக்குச் சீக்கு நெஞ்சுல. மூக்கப் பொத்திக்கிட்டு நிக்கிற உங்களுக்கு எங்கன்னு தெரியல."

அவர் போய்விட்டார். மார்ச் 6 வெள்ளிக்கிழமை. தபசுகால வெள்ளி, இறைச்சி தொடாத சுத்தபோசன நாள். அன்று பின்னேரம் கோவில் வளவில் மூன்று ஆடு அறுத்துப் பெரிய கிடாரத்தில் சோறாக்கினார்கள். சுவாமி ஒரு நாளைக்கு விட்டுத்தந்திருக்கிறார் என்று உபதேசியார் சொன்னார். அது பொய், சுவாமியிடம் நானே பிறகு கேட்டேன். சனம் முதலில் தயங்கியது. பிறகு ஒருவன் உட்கார்ந்தான், பிறகு எல்லாரும் உட்கார்ந்தார்கள். காலையில் சிலுவைப்பாதை செய்தவர்கள் விரலை நக்கினார்கள். சிலர் கோவில் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். வாசனை சந்தியாகுவின் வீட்டுக்குள் போயிற்று. அவர் கஞ்சியும் குடிக்கவில்லை.

சனிக்கிழமை கார் வந்தது. முன்னால் ஊதாக் கொடி. சந்தியாகு அதில் ஏறுவதில்லை என்றார். டொரதிதான் சொன்னாள்: "ஏறுங்க. உங்க தங்கச்சிக்குத் தராத காரு. இன்னிக்கு உங்களுக்குச் சும்மா ஓடட்டும்." நடக்க முடியாத மனிதருக்கு வேறு வழியும் இல்லை. கோவில் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, அதில் உட்கார வைத்துத் தூக்கிக் காருக்குள் ஏற்றினார்கள். கதிரையைப் பின்னால் கட்டினார்கள்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். நான் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். எங்களுக்கு முன்னால் போன ஒரு தாய், திரைக்குள் முழங்காலில் இருந்து செபிக்கத் தொடங்கிவிட்டாள். அதிகாரி திரையை விலக்கி, எழும்பச் சொன்னார். அவள் ஊதாப் பெட்டியை முத்தமிட்டுவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு சதம் காணிக்கையாகப் பெட்டிக்குள் போட்டாள். காசு விழுந்த சத்தம் கேட்டது. அதிகாரிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த உபதேசியார் வெளியே வேலியோரம் நின்றுகொண்டிருந்தார்.

சந்தியாகுவைக் கதிரையோடு தூக்கித் திரைக்குள் வைத்துவிட்டுத் தூக்கியவர்கள் வெளியே வந்தார்கள். இருமல் கேட்டது. பிறகு சீட்டு விழுந்த மெல்லிய ஓசை. எந்தப் பெட்டி என்று யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அதற்காகத்தானே திரை.

கதிரையைக் கார்க் கதவடிக்குக் கொண்டுவந்ததும் உபதேசியார் குனிந்தார்.

"ஊதாதானே?"

"அதைக் கேட்கக் கூடாது. சட்டம் இருக்கிறது" என்று நான் சொன்னேன். சந்தியாகுவின் தோளையும் அழுத்தினேன். பேசாமல் இருந்திருக்கலாம். ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், மணி கிடைத்திருக்கும்.

"நாளைக்கோ நாளன்னைக்கோ சாகப் போறவன்கிட்டப் பொய் கேக்குறீங்களே உபதேசியாரே" என்றார் சந்தியாகு. "பச்சைக்குப் போட்டேன்."

உபதேசியார் சாரதிக்குக் கைகாட்டினார். கார் கிளம்பிவிட்டது. அதோடு முடியவில்லை.

"கதிரை கோவில் சொத்து. இறங்கும்" என்றார்.

நான் என் காதால் கேட்டேன். ஐம்பது வயது மனிதர், எலும்பும் தோலுமாக, வெயிலில். சந்தியாகு கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினார். எழும்பி அதே இடத்தில் தரையில் உட்கார்ந்தார். உபதேசியார் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போனார். வேதக்காரர் இருபது முப்பது பேர் நின்றோம். யாரும் அந்தக் கதிரையைப் பிடித்து இழுக்கவில்லை.

மர்சூக் நானா வாக்குப் போட வந்தவர், துணி மூட்டை ஏற்றும் வண்டியைக் கொண்டுவரச் செய்தார். "அல்லாவே, சந்தைல மாட்டைக்கூட இப்பிடி இறக்க மாட்டாங்க" என்றார். அந்த வண்டியில்தான் சந்தியாகு வீடு சேர்ந்தார்.

ஊதாக்காரர் வென்றார். மார்ச் 9 அன்று செய்தி வந்ததும் உபதேசியார் கோவில் மணியை அரை மணி நேரம் அடித்தார். தபசுகாலத்தில், வெற்றி மணி! சந்தியாகு படுக்கையில் கிடந்து அதைக் கேட்டார்.

அந்தக் கிழமையே சுவாமி வந்தார். ஊதா உறைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "தேர்தல் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை" என்றார். உறைகளைக் கழற்றச் சொல்லவில்லை. எப்படியும் இன்னும் சில நாளில் மூட வேண்டியதுதானே என்றார். ஆனால் சந்தியாகுவுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, நற்கருணை நன்மை கொடுத்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலமும் பூசினார். செத்தால் மணி அடிக்கலாம் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு ஹந்தானைத் தோட்டங்கள் பக்கம் போய்விட்டார்.

சந்தியாகு மார்ச் 19 வியாழக்கிழமை காலையில் இறந்தார். சூசையப்பர் திருநாள். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் என்று நாங்கள் மன்றாடும் சூசையப்பர் அன்று ஊதாத் துணிக்குள் நின்றார். நான் மணி அடிக்கச் சொல்லப் போனேன். மணிக்கூண்டில் கயிறு இல்லை.

"கயிறு நைஞ்சு போச்சுது. புதுசுக்குச் சொல்லியிருக்கிறன்" என்றார் உபதேசியார். பத்து நாளைக்கு முன் அரை மணி நேரம் அடிபட்ட கயிறு.

கடையில் கயிறு வாங்கிக் கட்ட நான் புறப்பட்டேன். டொரதி தடுத்தாள்.

"வேணாங்க ஐயா. அந்த ஆளு கையால அடிச்சாலும் அது இவருக்கு அடிச்ச மணி இல்ல. சுவாமி இருக்கிற அன்னிக்கு, முறையா அடிக்கச் சொல்லுங்க. வருஷப் பூசைக்காவது அடிக்கட்டும்."

சத்தமில்லாமல் எடுத்துப்போனோம். மஹய்யாவைச் சந்தியில் பச்சைக்காரப் புரக்டர் காத்துக்கொண்டு நின்றார். தோற்றவர். கையில் மலர்வளையம், அதைச் சுற்றிப் பச்சை ரிப்பன், பக்கத்தில் படம் பிடிக்கும் பெட்டியோடு ஒருவன். ஒரு பிணத்தை வைத்து அடுத்த தேர்தலுக்கு இப்போதே வேலை தொடங்கிவிட்டார். டொரதி வளையத்தை வாங்கினாள், ரிப்பனை உருவினாள், சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"பூவுக்கு நன்றிங்க. இது உங்களுது" என்றாள். படம் பிடித்தவன் பெட்டியை இறக்கிவிட்டான்.

அந்த மாதமே நான் கணக்குப் புத்தகத்தைச் சுவாமியிடம் ஒப்படைத்துவிட்டு விலகினேன். மேற்றிராணியார், அதாவது ஆயர், அலுவலகத்துக்கு ஏப்ரல் 2ஆம் தேதி முதல் கடிதம் எழுதினேன். சுரூபங்களை முந்தி மூடியது, வெள்ளிக்கிழமை ஆடு, கதிரை, கயிறு ஆகிய நான்கையும் எழுதினேன். ஜூனில் பதில் வந்தது: சுரூபங்களை மூடியது ஒழுங்குக்குப் புறம்பானது, கவனத்தில் எடுக்கப்பட்டது. மற்ற மூன்றையும் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆகஸ்டில் திரும்ப எழுதினேன். அக்டோபரில் வந்த பதிலில், மணி அடிப்பது வழக்கமே தவிர எவருக்கும் உரிமை அல்ல என்று இருந்தது. அதே மாதம் பஸ்தியாம்பிள்ளையைப் பெரிய கோவிலொன்றுக்குக் கூடிய சம்பளத்தில் மாற்றினார்கள். தோட்டக்காரரின் சிபாரிசு என்று பேசிக்கொண்டார்கள்.

டொரதி மெஷினை விற்கவில்லை. பாவாடை, சட்டை என்று சில்லறைத் தையல் எடுத்தாள். ஞாயிறு பூசைக்கு நகரத்துப் பெரிய கோவிலுக்கு நடந்து போனாள். எங்கள் கோவில் வாசலை மிதிக்கவில்லை. வருஷப் பூசைக்கு மட்டும் அங்கே வருவேன், மணி அடித்தால் வருவேன் என்றாள்.

1937 ஜனவரி 18 அன்று நான் மூன்றாவது கடிதம் எழுதினேன். மார்ச் 19இல் சந்தியாகுவின் வருஷப் பூசைக்குத் துக்க மணி அடிக்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்று கேட்டேன். புதிய உபதேசியார் பயந்த மனிதர். கடிதம் இல்லாமல் கயிற்றைத் தொட மாட்டேன் என்றார். மேற்றிராணியார் அலுவலகம் கையில் எடுத்த விஷயம், அவர்கள் எழுதும்வரை தானும் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார் சுவாமி. பெப்ரவரி முழுவதும் பதில் இல்லை. மார்ச் 19 வெள்ளிக்கிழமை விடிய டொரதி கறுப்புச் சேலை கட்டிக் கோவில் வாசலுக்கு வெளியே நின்றாள். சுவாமி உள்ளே பூசை வைத்தார். மணி அடிக்கவில்லை. பூசை முடியும்வரை வீதியிலேயே நின்றுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

மணி அடிக்கலாம் என்று அனுமதித்து மேற்றிராணியார் அலுவலகம் எழுதிய கடிதம் என் கைக்கு வந்தது 1937 மார்ச் 22, திங்கட்கிழமை.